விற்ற பிறகும் என் பெயரில் ஓடிய கார்

தம்பி,

நீ முதல் ஷிப்டுக்குக் கிளம்பிப் போன பிறகு, அம்மா சமையலறையில் இருக்கும் நேரம் பார்த்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகனுக்குக் கடிதம் எழுதுகிற அப்பாவை நினைத்தால் உனக்குச் சிரிப்பு வரலாம். நேரிலும் பேசிப் பார்த்தேன். நீ சாப்பிட உட்காரும்போதெல்லாம் ஆரம்பிப்பேன். நீ நிமிர்ந்து பார்த்தால், இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றட்டுமா என்று கேட்டுவிடுவேன். எனக்கு வாயைவிடக் கைக்குக் கொஞ்சம் தைரியம் அதிகம். இந்த வீட்டை உன் பெயருக்கு எழுதிக் கொடுப்பதற்காகத் திங்கட்கிழமை சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் போட்டிருக்கிறாய். நான் அங்கே வர விரும்பவில்லை. இந்த ஒரு வரியை முதலில் எழுதிவிட்டால்தான் மற்றதெல்லாம் எழுத வரும் என்று தோன்றியது, எழுதிவிட்டேன். கோபப்படாமல் மீதியையும் படி. படித்த பிறகு வேறு யாருக்காவது காட்டினாலும் எனக்குச் சம்மதம்தான். நம்மைப் போலக் காரை விற்றவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அந்தக் காரை மஞ்சுவுக்குக் கொடுத்த நாள் உனக்கு நினைவிருக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்து அத்திப்பள்ளியிலிருந்து உன் கம்பெனிக்கு வந்துகொண்டிருந்த பையன். உன்னோடு ஒரே லைனில் நின்றவன், மதியம் உன் டப்பாவில் பாதி சாப்பிட்டவன். அவனுக்குக் கொடுப்பதை விற்பனை என்று நாம் யாரும் நினைக்கவில்லை, அதுதான் தொடக்கம். ஓசூரில் எந்தக் கம்பெனி வாசலில் நின்று பார்த்தாலும் இந்த மாநில நம்பரும் அந்த மாநில நம்பரும் கலந்துதான் நிற்கின்றன. அதில் பாதி வண்டிகள் பழைய ஆளின் பெயரிலேயே ஓடுவது எல்லோருக்கும் தெரியும். பதிவை அந்தப் பக்கம் மாற்ற இங்கே தடையில்லாச் சான்று வாங்கவேண்டும், அங்கே போய் மறுபடியும் வரி கட்டவேண்டும். ஆயுத பூஜை போனஸ் வரட்டும் அங்கிள், மாத்திக்கிறேன் என்றான் மஞ்சு. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நீ வாசலில் பைக்கை நிறுத்தி ஹாரன் அடித்தாய். நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடிவந்து பின்னால் ஏறினேன். ஆர்டிஓ அலுவலகத்துக்கு எதிரே இருந்த கடையில் பெயர் மாற்றப் படிவங்களை நீட்டினார்கள். எந்த இடமும் நிரப்பவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். வேலை பார்த்த காலம் முழுக்கத் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவன் நான். அளவு எழுதாத தாளில் ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்லை. அன்றைக்குப் போட்டேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா மஞ்சுவுக்குக் கேசரி கொடுத்தாள். அவன் காரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போனான்.

அதன் பிறகும் அந்தக் கார் என்னைவிட்டுப் போகவில்லை. பதிவில் என் பெயர், என் போன் நம்பர். பெங்களூர் மடிவாளாவில் வேகமாகப் போனதற்கு அபராதம், சில்க் போர்டில் சிக்னல் தாண்டியதற்கு அபராதம் என்று செய்தி வரும். சொன்னால் நம்ப மாட்டாய், அவற்றைப் படிக்க எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருக்கும். வெளியூரில் இருக்கும் சொந்தக்காரன் எங்கெங்கே சுற்றுகிறான் என்று சேதி வருவதுபோல. வந்ததை உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன், நீ ஒரு கட்டைவிரல் போடுவாய், பிறகு மஞ்சுவுக்குச் சொல்வாய், அவன் கட்டிவிடுவான். இப்படியே பழகிவிட்டது. ஒரு நாள் காப்பீடு முடியப்போகிறது என்று செய்தி வந்தது. அதையும் உனக்கு அனுப்பினேன். நீ வழக்கம்போலக் கட்டைவிரல் போட்டாய். அந்த வாரம் உங்கள் லைனில் ஆடிட். நீ வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கிய நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கம்பெனியில் இருந்தாய். செய்தி மஞ்சுவுக்குப் போகவில்லை. நானும் கட்டைவிரலைப் பார்த்து, வேலை முடிந்தது என்று எடுத்துக்கொண்டேன். இந்த வழக்கு வந்த நாளிலிருந்து நீ அந்தப் பேச்சை எடுக்கவிடுவதில்லை. நான் எடுக்கிறேன். அது உன் குற்றம் இல்லை. செய்தி மூன்று பேர் கையில் மாறி மாறிப் போகிற மாதிரி நாமே ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டோம். எந்தக் கையில் நின்றது என்று தேடுவதில் இப்போது பயனில்லை.

சூளகிரி போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தபோது நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். போலீஸ் என்று சொல்லி வயதானவர்களிடம் பணம் பறிக்கிறார்கள், எடுக்காதே என்று நீதான் சொல்லிவைத்திருந்தாய். என் பெயரையும் கார் நம்பரையும் அவர் சரியாகச் சொன்னதும் எனக்குப் பயம் அதிகமானது. துண்டித்துவிட்டேன். மறுபடி அடித்தார், மறுபடி துண்டித்தேன். மாலையில் மஞ்சு கேட்டுக்கு வெளியே வந்து நின்றான். காலையில் கிருஷ்ணகிரியிலிருந்து திரும்பும்போது சூளகிரி சர்வீஸ் ரோட்டில் ஒரு மொபெட்டை இடித்துவிட்டதாகச் சொன்னான். மொபெட்டில் வந்தவர் பெயர் முனிராஜ். மார்க்கெட்டுக்குக் கொத்தமல்லிக் கட்டு ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். தொடை எலும்பு இரண்டாகப் போய்விட்டது. மஞ்சு ஓடிப்போகவில்லை, அவனே ஆட்டோ பிடித்து ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறான், ஸ்டேஷனிலும் நான்தான் ஓட்டினேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். "அங்கிள், நந்தே தப்பு," என் தப்புதான் என்று கன்னடத்திலேயே சொன்னான். அவன் சட்டையில் கொத்தமல்லி இலை ஒட்டியிருந்தது. நீ அவனைத் திட்டிய திட்டெல்லாம் உள்ளே நின்று கேட்டேன். வெளியே வந்து நிறுத்தியிருக்கலாம். காலால் செருப்பைத் தேடுவதுபோல நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு, முனிராஜ் நஷ்டஈடு கேட்டுப் போட்ட வழக்கில் கோர்ட்டிலிருந்து பதிவுத் தபால் வந்தது. அப்போதுதான் உன் கல்யாணப் பேச்சு முடிந்திருந்தது. பாகலூரிலிருந்து வந்திருந்த உன் வருங்கால மாமனார் நம் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் கெட்டவர் இல்லை, தம்பி. தன் மகள் வாழப்போகும் வீடு என்ற கவலை அவருக்கு. கோர்ட்டுக் காகிதம் என்றால் வாங்காதீங்க சம்பந்தி, வாங்கினாத்தானே வழக்கு என்றார். நான் தபால்காரரிடம் அந்த ஆள் ஊரில் இல்லை என்றேன். இருபது வருஷமாக என்னைப் பார்க்கிற தபால்காரர். நான் சொன்னதை அப்படியே உறையில் எழுதிக்கொண்டு போனார். நீ இதிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள். உன் வாழ்க்கையில் எப்போதாவது இப்படி ஒரு காகிதம் வந்தால் அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கிவிடு. வாங்காவிட்டால் வழக்கு நிற்காது, நீ இல்லாமல் நடக்கும், அவ்வளவுதான். நான் வாங்காததால் கோர்ட் அமீனா வந்து நம் கேட்டிலேயே அதை ஒட்டிவிட்டுப் போனார். தெருவில் போகிறவர்கள் எல்லோரும் படித்தார்கள். இன்னும் ஒரு வாய்தாவுக்குப் போகாமல் இருந்திருந்தால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு எழுதியிருப்பார்கள் என்று நான் பிறகு போய்ப் பார்த்த வக்கீலம்மா சொன்னார்.

வக்கீலம்மாவிடம் நான் போனது நீ நினைப்பதுபோல உனக்குத் தெரியாமல் செய்ய வேண்டும் என்று இல்லை. உன்னிடம் சொல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன், நாள் அமையவில்லை. அவர் உன் வயதுப் பெண்தான். நான் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கிக் கொண்டுபோனேன். மஞ்சு பணம் போட்ட பேங்க் சீட்டு, படிவங்களின் நகல், போனில் வந்த செய்திகள் எல்லாம். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி அடுக்கி என் பக்கம் நகர்த்தினார். "சார், நீங்க வித்தது எனக்குப் புரியுது. ஆனா ஆர்சி-ல யார் பேரோ அவங்கதான் ஓனர். இன்ஷூரன்ஸ் இருந்திருந்தா அவங்க பாத்துக்குவாங்க. இல்லங்கறப்ப உங்களத்தான் கேப்பாங்க," என்றார். இந்த ஆதாரமெல்லாம் வீண் இல்லை, நாளைக்கு மஞ்சுவிடம் திருப்பிக் கேட்க உதவும், ஆனால் அடிபட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான் என்று விளக்கினார். நான் படித்த படிப்புக்கு இது ஒரு நிமிடத்தில் புரிந்திருக்க வேண்டும். ஒரு பொருளை விற்றுவிட்டால் அது என்னுடையது இல்லை என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் ஒவ்வொரு தடவையும் ஆமாம் சார் என்றார். வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அடுத்த வாய்தாவுக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டை எழுதி வைப்பது பற்றியும் அன்றைக்கே கேட்டேன். சும்மா ஒரு நண்பருக்காகக் கேட்பதுபோலக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. வழக்கு நடக்கும்போது மகனுக்கு எழுதிவைத்தால், கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் இருக்கத்தான் எழுதினார் என்று அவர்கள் கேட்க வழியிருக்கிறது, கோர்ட் அதை ரத்தும் செய்யலாம், செய்யாமலும் போகலாம் என்றார். அந்தச் செய்யாமலும் போகலாம் என்பதைத்தான் உன் மாமனார் பிடித்துக்கொண்டிருக்கிறார். அம்மாவும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாள். விருதுநகரிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து, வாடகை வீடு மாறி மாறி, கடைசியில் கட்டிய வீடு. இது போனால் எங்கே போவோம் என்று கேட்கிறாள். போன வாரம் வரை நானும் திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போடுவதாகத்தான் இருந்தேன். அந்த வாய்தாவுக்கு நான் தனியாகப் போகாமல் இருந்திருந்தால் போட்டிருப்பேன்.

அன்றைக்கு நடந்ததை உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. வாய்தா வாங்கிட்டாங்க என்று மட்டும் சொன்னேன். கோர்ட் வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்சில் இடம் இருந்தது. அதில் கக்கத்துக் கட்டையை ஊன்றி ஒருவர், பக்கத்தில் அவர் மனைவி. நான் நிற்பதைப் பார்த்து அவர் கட்டையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார். அதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. "உக்காருங்க சார், எந்நேரம் கூப்புடுவாங்கன்னு சொல்ல முடியாது," என்றார். என் தலைமுடியைப் பார்த்து என்னைப் பென்ஷன் விஷயமாக வந்தவர் என்று நினைத்திருக்கிறார். நானும் அப்படியே இருந்துகொண்டேன். அவராகத்தான் பேசினார். சூளகிரிப் பக்கம் குத்தகைக்கு நிலம், கொத்தமல்லி. இப்போது குந்தி உட்கார முடியாது, கட்டுக் கட்ட முடியாது, மொபெட் ஏற முடியாது. நிலத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மனைவி ரோஜாத் தோட்டத்துக்குப் பூப்பறிக்கப் போகிறார், கோர்ட்டுக்கு வருகிற நாளெல்லாம் அந்தக் கூலியும் இல்லை. "கார்க்காரன் வரவே மாட்றான் சார். ஓசூர்ல சொந்த வூடாம். ரெண்டு வாய்தா வந்து வந்து திரும்பிப் போறோம்," என்றார். அந்த அம்மா, "அவன் எங்க வருவான், கால் ரெண்டும் நல்லாருக்கிறவன்," என்றார். முனிராஜ் சிரித்தார். தம்பி, அவர்கள் என்னை வைத்துக்கொண்டு என்னைப் பற்றிப் பேசினார்கள், நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

உள்ளேயிருந்து என் பெயரை முழுதாக, என் அப்பா பெயரோடு சேர்த்துக் கூப்பிட்டார்கள். எழுந்திருக்க வேண்டும் என்று தெரிகிறது, எழுந்திருக்க முடியவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள். முனிராஜ் என் பக்கம் திரும்பி, பாத்தீங்களா சார், இன்னைக்கும் வரல என்றார். அதற்கு மேல் உட்கார்ந்திருக்க முடியாமல் எழுந்தேன். உள்ளே போன பிறகு வக்கீலம்மா என்ன சொன்னார், நீதிபதி என்ன கேட்டார் ஒன்றும் மனதில் ஏறவில்லை. பதில் மனு போட அவகாசம் கொடுத்தார்கள். வெளியே வந்தபோது அவர்கள் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றார்கள். என்னைப் பிடித்து உலுக்குவார்கள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்குத் திங்கட்கிழமை சுலபமாக இருந்திருக்கும். முனிராஜ் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க ஓட்டலையே சார். அன்னைக்கி ஓட்னது சின்னப் பையன்," என்றார். காரை விற்றுவிட்டதை, பெயர் மாற்றாததை, காப்பீடு முடிந்ததை எல்லாம் சொன்னேன். வக்கீலம்மாவிடம் சொன்னதைவிட ஒழுங்காகவே சொன்னேன். முடித்ததும் அந்த அம்மா, "நீங்க சொல்றது எங்களுக்குப் புரிதுங்க. யாரு குடுத்தா என்ன, யாராச்சும் ஒருத்தர் குடுக்கணும்ல," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வந்தால் யார் வீட்டிலாவது ஒதுங்கத்தானே வேண்டும் என்கிற மாதிரி சொன்னார். அவர்களுக்குச் சூளகிரி பஸ் வந்தது. ஏறுவதற்கு அவரைக் கண்டக்டரும் அந்த அம்மாவும் சேர்ந்து தூக்கினார்கள். நான் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்று, அவர் ஏறியதும் உள்ளே கொடுத்தேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

இனி அவர்களைப் பார்த்தால் பேசக்கூடாது என்று வக்கீலம்மா கண்டித்திருக்கிறார். பேசியதை வைத்து நாளைக்கு ஏதாவது கேட்பார்களாம். சரி என்றேன். எல்லோருக்கும் சரி என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன் மாமனார் ஆஸ்பத்திரி பில் எல்லாம் பொய்யாக இருக்கும் என்றபோதும் சரி என்றேன். ஒரு காலத்தில் நானும் அதை நம்ப ஆசைப்பட்டேன். முனிராஜின் காலைப் பார்த்த பிறகு நம்ப முடியவில்லை. வீட்டை உன் பெயருக்கு மாற்றினால், வராந்தாவில் என் பெயரைக் கூப்பிட்டும் நான் எழுந்திருக்காமலே உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இதை நியாயம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பயம் என்றே வைத்துக்கொள். கூண்டில் ஏறி நிற்கும்போது, வீட்டை எப்போது எழுதிக் கொடுத்தீர்கள் என்று ஒருவர் கேட்டால் நான் எந்தத் தேதியைச் சொல்வேன். நான் செய்வது சரிதானா, உன் கல்யாணத்தை நானே கெடுக்கிறேனா, உன் அம்மாவைத் தெருவில் நிறுத்துகிறேனா, எனக்குத் தெரியவில்லை. தீர்ப்பு எவ்வளவுக்கு வரும், மாடியை ஒத்திக்கு விட்டால் போதுமா, வீட்டையே விற்க வேண்டியிருக்குமா, அதுவும் தெரியவில்லை. மக்கள் நீதிமன்றத்தில் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசினால் தவணைக்கு ஒப்புக்கொள்ளலாம் என்கிறார் வக்கீலம்மா. ஒப்புக்கொள்ளாமலும் போகலாம். தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல உனக்கு எழுத மாட்டேன்.

உன்னிடம் கேட்க எனக்கு இரண்டு இருக்கின்றன. ஒன்று, மஞ்சுவிடம் பேசு. அவனுக்கு இப்போது ஒப்பந்த வேலையும் இல்லை, பொம்மசந்திராவில் கேட்டுக் கேட்டுத் திரிகிறான் என்று கேள்விப்பட்டேன். அவனிடம் பணம் வரும் என்று சொல்லவில்லை. கார் அவனிடம் இருந்தது, வாங்கியது அவன் என்று அவன் வந்து சொல்லவேண்டும். அதைவிட, அவன் உன் நண்பன். இடித்த இடத்திலிருந்து ஓடாமல் நின்றவன். ஒருவன் பெயரில் ஒரு வழக்கு வந்து, அவனை விட்டு எல்லோரும் விலகினால் எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும். உன் வருங்கால மனைவியிடமும் இந்தக் கடிதத்தைக் கொடு. அவள் வரப்போகும் வீட்டைப் பற்றி அவளுடைய அப்பாவும் நாமும் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று திங்கட்கிழமை பற்றியது. படித்துவிட்டாய் என்பதற்கு ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பிவிடாதே. ஒரு வார்த்தை எழுது, திட்டியாவது எழுது. நான் வரமாட்டேன் என்று மேலே உறுதியாக எழுதியிருப்பதைப் பார்த்து, அப்பா மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதே. காகிதத்தில்தான் நான் இப்படி. நீ காலையில் பைக்கை வாசலில் நிறுத்திக் கூப்பிட்டால், நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடிவந்து பின்னால் உட்கார்ந்துவிடுவேன், காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்தும் போட்டுவிடுவேன். உனக்கு நான் எதையும் மறுத்துப் பழகவில்லை, இந்த வயதில் பழகவும் முடியாது. அதனால் உன்னைத்தான் கேட்டுக்கொள்கிறேன், தம்பி. திங்கட்கிழமை ஹாரன் அடிக்காதே.

அப்பா